நீரிலும் மண்ணிலும் நிழலிலும் அய்யா

அய்யா உண்டு.

அன்புக்கொடி மக்களே, ஒருவரை ஒருவர் காணும்போது நாம் சொல்லுகிற இந்த வார்த்தையைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். அய்யா இருந்தார் என்று நாம் வணக்கம் சொல்வதில்லை. எங்கோ தூரத்தில் இருக்கிறார் என்றும் சொல்வதில்லை. உண்டு என்கிறோம். இந்த நேரத்தில், நீங்களும் நானும் நிற்கிற இந்த இடத்தில் உண்டு என்பதே அதன் பொருள்.

பதிக்கும் தாங்கலுக்கும் புதிதாக வருகிறவர்கள் பள்ளியறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, சாமி எங்கே என்று கேட்பது வழக்கம். சிலை இல்லை. ஒரு கண்ணாடி இருக்கிறது, விளக்கு எரிகிறது, அவ்வளவுதான். அவர்களுக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அய்யா வைகுண்டர் இந்தப் பூமியில் நடந்த நடையைத் தொடக்கம் முதல் சொன்னால்தான் அந்தப் பதில் விளங்கும். பெரியவர்கள் நமக்குச் சொல்லித் தந்தபடி அதை இங்கே எழுதுகிறேன்.

அய்யா அவதரித்த காலத்தில் தென் திருவிதாங்கூர் எப்படி இருந்தது என்பதை முதலில் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் முன்னோர்களான சான்றோர் மக்களும் அவர்களைப் போலத் தாழ்த்தி வைக்கப்பட்ட மற்ற மக்களும் பெரிய கோவில்களுக்குள் போக முடியாது. கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களிலும் நடக்க முடியாது. தலைக்கு வரி, பனைக்கு வரி. கூலியில்லாத ஊழிய வேலை வேறு. மழை பெய்தாலும் வெயில் கொளுத்தினாலும் குடை பிடிக்கக்கூடாது. காலில் செருப்பு போடக்கூடாது. வீட்டுக்கு மேல்மாடி கட்டக்கூடாது. பசு வளர்த்தாலும் பால் கறக்கக்கூடாது. பெண்கள் மார்பை மறைக்க மேலாடை போடக்கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதுகூடக் குற்றம். தலையில்தான் சுமக்க வேண்டும்.

இந்தத் தடைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தண்ணீர், நிழல், பால், துணி, பாதை. எல்லாம் அன்றாட வாழ்க்கைக்கு வேண்டியவை, இறைவன் எல்லா உயிருக்கும் பொதுவாகப் படைத்தவை. அந்தப் பொதுச் சொத்தில்தான் மனிதன் வேலி போட்டான். கடவுளைக் கோவிலுக்குள் வைத்துப் பூட்டியது ஒரு வேலி. கிணற்றையும் நிழலையும் பூட்டியது இன்னொரு வேலி. அய்யா வந்து இரண்டையும் சேர்த்தே பிடுங்கினார்.

1809ஆம் ஆண்டு, இன்று சாமித்தோப்பு என்று அழைக்கப்படும் ஊரில், பொன்னுமாடனுக்கும் வெயிலாளுக்கும் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பெற்றோர் ஆசையோடு முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டார்கள். கீழ்ச்சாதிப் பிள்ளைக்கு முடிசூடும் பெயரா என்று மேல்சாதியார் எதிர்த்தார்கள். அதனால் முத்துக்குட்டி என்று பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைக்கவும் உரிமை இல்லாத காலம் அது.

முத்துக்குட்டி நம் குடும்பத்துப் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்களோ அப்படித்தான் வளர்ந்தார். வயல் வேலையும் பனைத் தொழிலும் செய்தார் என்று சொல்வார்கள். பனையேறிகளின் வீட்டில் விடியும் முன்னே வேலை தொடங்கிவிடும். ஆண்கள் பனையேறி அக்கானி இறக்குவார்கள். பெண்கள் அடுப்புப் புகையில் நின்று அதைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பார்கள். அந்தப் பாட்டை அய்யா அறிவார். அவர் திருமணம் செய்து குடும்பமாகவும் வாழ்ந்தவர். திருமாலம்மாள் என்பது அந்த அம்மையின் பெயர்.

பின்பு அவருக்குக் கடுமையான நோய் வந்தது. வைத்தியம் செய்தும் தீரவில்லை. 24ஆவது வயதில், கொல்லம் 1008ஆம் ஆண்டு மாசி மாதம், திருச்செந்தூர்த் திருவிழாவுக்குக் கொண்டுபோனால் மகன் பிழைப்பான் என்ற நம்பிக்கையில் தாய் வெயிலாள் அவரை அங்கே அழைத்துச் சென்றார். நடக்க முடியாத மகனைத் தொட்டில் கட்டிச் சுமந்தார்கள். வழியில் அவர் தானாகவே எழுந்தார். விறுவிறுவென்று நடந்தார். திருச்செந்தூர்க் கடலுக்குள் இறங்கினார். அலைகள் மூடிக்கொண்டன. கூடப் போனவர்கள் கரையில் தேடித் தேடிக் காணாமல் திரும்பினார்கள். தாய் மட்டும் கடலைப் பார்த்து அழுதுகொண்டு அங்கேயே இருந்தார்.

மூன்றாம் நாள், மாசி 20 அன்று, கடலிலிருந்து அவர் எழுந்து வந்தார். தாய் ஓடிப்போய் மகனே என்று கட்டிக்கொள்ளப் பார்த்தார். தாம் இனி அந்தத் தாய்க்கு மட்டும் மகன் அல்ல, கலியை அழித்துத் தர்மத்தை நிலைநாட்ட நாராயணருக்கு மகனாக வந்த வைகுண்டர் என்பதை அய்யா அந்தத் தாய்க்கு உணர்த்தினார். ஆங்கிலக் கணக்கில் அது 1833ஆம் ஆண்டு. அந்த நாளைத்தான் ஒவ்வொரு ஆண்டும் அவதார தினமாக நாம் கொண்டாடுகிறோம். நாகர்கோவில் நாகராஜா கோவில் திடலிலிருந்து சாமித்தோப்புக்கு நடந்து போகிறோம்.

அவதாரம் நிகழ்ந்த இடத்தைக் கவனியுங்கள். கருவறையில் அல்ல, கோபுரத்தின் கீழ் அல்ல, கடலில் நிகழ்ந்தது. கடலுக்குக் கதவு கிடையாது. எந்தச் சாதிக்காரன் கால் நனைத்தாலும் அலை திரும்பிப் போய்விடாது. பெரிய கோவிலின் உள்ளே விடப்படாத மக்கள் கோவிலுக்கு வெளியே நின்ற அதே கரையில் அய்யா வெளிப்பட்டார்.

அங்கிருந்து அய்யா கடற்கரை வழியே தெச்சணம் நோக்கி நடந்தார். பூவண்டன்தோப்பில் வந்து தவத்தில் அமர்ந்தார். ஆறு ஆண்டுகள் தவம். முதல் இரண்டு ஆண்டுகள் ஆறடிக் குழிக்குள். அடுத்த இரண்டு ஆண்டுகள் தரையில். அதற்கடுத்த இரண்டு ஆண்டுகள் உயர்ந்த பீடத்தில். அய்யாவுக்குக் கூரையோ மண்டபமோ இல்லை. கீழே மண், மேலே வானம், சுற்றிலும் காடும் பனையும். மண்ணுக்குள் தொடங்கி, மண்ணின் மேல் வந்து, பிறகு உயர்ந்த அந்த தவத்தைப் பார்க்கும்போது எனக்கு ஒரு விதை நினைவுக்கு வரும். தாழ்த்தப்பட்டுக் கிடந்த ஒரு சமுதாயம் எழும்பப்போவதை அய்யா தம் திருமேனியில் வைத்தே காட்டினார் என்று நம் பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள்.

தவத்தின் செய்தி பரவியதும் மக்கள் திரண்டு வந்தார்கள். நோயாளிகள் வந்தார்கள். அய்யா அவர்களுக்கு என்ன கொடுத்தார்? தண்ணீரும் மண்ணும் கொடுத்தார். நோய் தீர்ந்தவர்கள் நன்றியோடு ஆடும் கோழியும் நேர்ந்துகொண்டு வந்தபோது, பலி வேண்டாம் என்று தடுத்தார். காணிக்கையும் வேண்டாம் என்றார். பேய்க்குப் பயந்து, மாடனுக்கும் காடனுக்கும் பயந்து, ஊரே இருட்டில் நடுங்கிய காலம் அது. நம்மைச் சுற்றியுள்ள காடும் காற்றும் இருட்டும் பேய்களின் இருப்பிடம் அல்ல, இறைவன் நிறைந்திருக்கும் இடம் என்று அய்யா அவர்களுக்குத் தெளிவு தந்தார். பயம் போனபின் அதே காடு, அதே பனங்கூட்டம் மக்களுக்கு வேறாகத் தெரிந்தது.

அடுத்து முத்திரிக்கிணறு. பொதுக் கிணற்றில் வாளி இறக்க முடியாமல், யாராவது இரக்கப்பட்டு ஊற்றுவார்களா என்று கை ஏந்தி நின்ற மக்களுக்கு அய்யா ஒரு கிணற்றைக் கொடுத்தார். பதினெட்டுச் சாதியாரும் அந்த ஒரே கிணற்றில் குளிக்கவும் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டும் என்று வைத்தார். ஒருவன் இறைத்த தண்ணீரில் இன்னொருவன் குளித்தான். வந்தவர்கள் கொண்டுவந்த அரிசியையும் காய்கறியையும் ஒன்றாகச் சேர்த்துச் சமைத்து ஒரே பந்தியில் உண்டார்கள். சாதி பார்த்து உலை வைத்த நாட்டில் அது சின்னக் காரியம் அல்ல. தீட்டு என்று சொல்லப்பட்ட கை தொட்ட தண்ணீர் தீர்த்தமாயிற்று.

இன்றும் சாமித்தோப்புக்கு வருகிற மக்கள் முத்திரிக்கிணற்றில் பதமிட்டு, அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் பதிக்குள் வருகிறார்கள். எட்டாம் திருநாளில் கலிவேட்டைக்கு அய்யா குதிரை வாகனத்தில் எழுந்தருளுவதும் அந்தக் கிணற்றடிக்குத்தான்.

இத்தனை மக்கள் சாதி பாராமல் ஒன்று கூடுவதை அன்றைய அரசு பொறுக்கவில்லை. மேல்சாதியார் புகார் செய்தார்கள். சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆட்சி அது. அய்யாவைப் பிடித்து சுசீந்திரத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு இழுத்துச் சென்று சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். 110 நாட்கள் அந்தச் சிறை. எத்தனையோ கொடுமைகள் செய்தார்கள். பட்டினி போட்ட புலியின் முன்னே அய்யாவை விட்டார்கள். அந்தப் புலி பாயாமல் அடங்கிப் பணிந்தது. படிப்பும் பட்டமும் உள்ளவர்கள் அறியாததைக் காட்டு விலங்கு அறிந்துகொண்டது. எல்லா உயிரிலும் இருப்பவன் ஒருவனே என்றால், அந்த உயிர் அவரைக் கண்டு பணிந்ததில் வியப்பு இல்லை.

அரசு கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தது. சொந்தச் சாதியாரோடு மட்டும் இருந்துகொள்வதாக எழுதிக் கொடுத்தால் விட்டுவிடலாம் என்றார்கள். ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், வெளியே வந்துவிடலாம். அய்யா இசையவில்லை. மழையும் வெயிலும் சாதி பார்த்துப் படுவதில்லை. அப்படிப்பட்ட இறைவன் ஒரு சாதிக்குள் அடங்குவதாக எப்படி எழுதிக் கொடுக்க முடியும்? அன்று அய்யா அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தால் முத்திரிக்கிணறு மற்றொரு சாதிக் கிணறாகவே போயிருக்கும். நிபந்தனை இல்லாமலே அய்யா விடுதலையானார். மக்கள் அவரை வாகனத்தில் சுமந்து தெச்சணத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

திரும்பி வந்தபின் 700 குடும்பங்களைக் கன்னியாகுமரிக்கு அருகே கடற்கரையில் உள்ள வாகைப்பதிக்கு அனுப்பித் துவையல் தவசு இருக்கச் செய்தார். பிறகு முட்டப்பதியிலும் அந்தத் தவசு நடந்தது. தவசு என்றதும் கண்ணை மூடிக் காட்டில் உட்காருவது என்று நினைக்க வேண்டாம். நாள்தோறும் துணி துவைப்பதும், குளிப்பதும், ஒருவேளை மட்டும் அரிசியும் சிறுபயறும் சேர்த்துச் சமைத்து உண்பதும், அய்யாவை நினைந்து வழிபடுவதும்தான் அந்தத் தவசு. குழந்தை குட்டிகளோடு குடும்பமாக இருந்தார்கள். உலகத்தில் எத்தனையோ ஞானிகள் குடும்பத்தை விட்டு வரச் சொன்னார்கள். நம் அய்யாவோ குடும்பத்தோடு துணி துவைப்பதையே தவமாக்கித் தந்தார். நம் வீட்டில் அம்மாவும் அக்காவும் கல்லில் அடித்துத் துவைத்த அந்த வேலைக்குள்ளே இறைவனைக் காணலாம் என்று காட்டினார். அந்த மக்கள் திரும்பி வந்தபோது அவர்களுடைய சுத்தத்தையும் ஒழுக்கத்தையும் கண்டு ஊர் வியந்தது. நாட்டின் பல பக்கங்களுக்கும் வழிபாட்டைக் கொண்டுசென்றவர்களில் அவர்களும் உண்டு.

பதிகளுக்கு அடுத்தபடியாக நிழல் தாங்கல்கள் எழுந்தன. பாலூர், சுண்டவிளை, வடலிவிளை, கடம்பன்குளம், பாம்பன்குளம் என்று அய்யாவின் காலத்திலேயே சில தாங்கல்கள் உண்டாயின. நம் வழிபாட்டு இடத்துக்கு ஏன் இந்தப் பெயர் என்று பிள்ளைகள் கேட்பார்கள். வெயிலில் நடந்து வந்தவன் ஒதுங்கி நிற்கிற நிழல், அதுதான் தாங்கல். குடை பிடிக்கவும் உரிமை இல்லாத மக்களுக்கு அய்யா கொடுத்தது நிழல் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். மரம் நிழல் கொடுக்கும்போது வந்தவனின் குலம் கேட்பதில்லை. பசித்து வந்தவனுக்குச் சோறு, களைத்து வந்தவனுக்குத் தண்ணீர், பிள்ளைகளுக்கு எழுத்து என்று அந்தக் காலத்துத் தாங்கல்கள் மரத்தைப் போலவே இருந்தன.

இனி அந்தக் கண்ணாடி. தாங்கலின் பள்ளியறையில் கண்ணாடி இருக்கும், அதன் முன்னே விளக்குகள் இருக்கும். வணங்க நிற்பவன் தன்னையே காண்கிறான். விளக்கின் சுடரும் அவன் முகமும் ஒன்றாகத் தெரிகின்றன. நீ தீண்டத்தகாதவன், உன் நிழல் பட்டாலும் தீட்டு என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கேட்ட மனிதன், முதல் முறையாக இறைவன் இருக்கும் இடத்தில் தன் முகத்தைப் பார்த்தபோது அவன் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! வெளியே இருப்பவன் உள்ளேயும் இருக்கிறான் என்ற வேதாந்தத்தை, எழுதப் படிக்கத் தெரியாத பனையேறிக்கும் கடற்கரையில் மீன் விற்கும் தாய்க்கும் ஒரு நொடியில் புரியும்படி அய்யா வைத்துவிட்டார்.

தலைப்பாகையும் அப்படித்தான். மேலானவர் முன் தலையில் துணி கட்டக்கூடாது என்றிருந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு இறைவன் முன்னால் வரச் சொன்னார். முடிசூடும் பெருமாள் என்ற பெயரைப் பறித்தவர்களுக்கு, ஒவ்வொரு மனிதனுக்கும் முடி சூட்டி அய்யா பதில் சொன்னார் என்று நான் நினைத்துக்கொள்வேன். நெற்றியில் இடும் திருநாமமும் வெறும் வெண்மண்தான். சந்தனமோ குங்குமமோ வாங்க வசதி இல்லாதவனுக்கும் மண் உண்டு. அந்த மண்ணைச் சுடர் வடிவில் நெற்றியில் ஏற்றுகிறோம். காலுக்குக் கீழே கிடப்பது நெற்றிக்கு ஏறினால் சுடராகும்.

1840ஆம் ஆண்டு, கொல்லம் 1016 கார்த்திகை 27 அன்று, அய்யாவின் அருளால் அரிகோபாலன் சீடர் அகிலத்திரட்டு அம்மானையை எழுதத் தொடங்கினார். படித்தவர் நாவில் மட்டும் நிற்கிற நூல் அல்ல அது. திண்ணையில் ஒருவர் படிக்க, ஊரார் சுற்றி இருந்து கேட்கிற நூல். இன்றும் தாங்கல்களில் திருஏடு வாசிப்பு நடக்கும்போது எழுத்தறியாத பாட்டிமார் அடுத்த அடியை முணுமுணுப்பதைக் காணலாம்.

கொல்லம் 1026 வைகாசி 21, ஆங்கிலக் கணக்கில் 1851 ஜூன் 2, திங்கட்கிழமை அன்று அய்யா வைகுண்டம் எழுந்தருளினார். பெண்கள் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு ஆணையிட அதன்பின் 8 ஆண்டுகள் ஆயிற்று. 1859இல்தான் அது வந்தது. எல்லாச் சாதி இந்துக்களும் கோவிலுக்குள் போகலாம் என்ற அறிவிப்பு வந்தது 1936இல். அதாவது அய்யா வைகுண்டம் சென்று 85 ஆண்டுகள் கழித்து. அதுவரை நம் மக்கள் கடவுள் இல்லாமல் காத்துக்கிடக்கவில்லை. கிணற்றடியிலும் தாங்கல் நிழலிலும் அவரோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பூட்டியிருந்த கதவு திறக்கும் முன்பே, பூட்ட முடியாத இடங்களில் அய்யா அவர்களுக்குக் கடவுளைக் காட்டிவிட்டார்.

அன்பர்களே, இந்த வரலாற்றைப் படித்துவிட்டுக் கண்ணீர் விட்டால் மட்டும் போதாது. இன்று நம் தலையில் துணி கட்ட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. குடை நம் கையில் இருக்கிறது. வீட்டுக்குள் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. இந்த வசதியில் நமக்கு ஒரு மறதி வந்துவிடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை பதிக்கு வந்து முத்திரிக்கிணற்றுத் தண்ணீரைப் பக்தியோடு தலையில் ஊற்றுகிறோம். அதே நாளில் வீட்டு வாசலில் வேலைக்கு வந்தவருக்குத் தனிக் குவளையில் தண்ணீர் கொடுத்தால், காலையில் கிடைத்த பதத்துக்கு என்ன பொருள்? கண்ணாடியில் நம் முகத்தைக் கண்டு கும்பிடுகிறோம். அந்தக் கண்ணாடி நமக்கு மட்டும் வைத்தது அல்ல. நமக்குப் பின்னால் நிற்பவரின் முகமும் அதே கண்ணாடியில்தான் தெரியும்.

பள்ளியறைக் கண்ணாடியை நித்தமும் துடைக்க வேண்டும். ஒருநாள் விட்டால் விளக்குப் புகை படிந்துவிடும். பதியில் பணிவிடை செய்கிறவர்களுக்கு இது தெரியும். மனமும் அப்படித்தான். பெரிய திருநாளில் ஒருநாள் துடைத்தால் போதாது. விடிந்ததும் முற்றம் பெருக்கும்போதும், குளிக்கும்போதும், உலையில் அரிசி போடும்போதும், வயலில் தண்ணீர் திருப்பும்போதும் அய்யாவை நினைக்கலாம். ஒரு பனையை வெட்டும் முன் அது எத்தனை தலைமுறைக்குச் சோறு போட்டது என்று நினைக்கலாம். தாங்கல் முற்றத்தில் கல் பதிக்க ஆசைப்படும்போது, அங்கே நிற்கும் மரத்துக்கு ஓர் இடம் விடலாம். நிழல் இல்லாத நிழல் தாங்கல் நமக்கு வேண்டாம். அன்னதர்மத்தில் வாங்கிய இனிமத்தை இலையில் மிச்சம் வைக்காமல் உண்பதும் ஒரு பணிவிடைதான்.

அய்யாவை எங்கே காணலாம் என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால் தூரமாகக் கைகாட்ட வேண்டாம். ஒரு செம்புத் தண்ணீரை அவர்கள் கையில் கொடுத்து, தாகத்தோடு வாசலில் நிற்பவர் யாராக இருந்தாலும் அவருக்குக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். கொடுக்கிற கையிலும் வாங்குகிற கையிலும் நடுவில் இருக்கும் தண்ணீரிலும்,

அய்யா உண்டு.